வீட்டுப் பெரியவங்களுக்கு டிப்ரஷனோனு சந்தேகமா? எதுல ஆரம்பிச்சு, எதுக்கப்பறம் எது செய்யணும் – முழுமையான வழிகாட்டி

60, 70 தாண்டின அம்மா அப்பா, மாமனார் மாமியார் யாராவது கொஞ்ச நாளா முன்ன மாதிரி இல்லைனு உங்களுக்குத் தோணுதுன்னா மேல படிங்க. எங்க மாமியாரை வச்சு இந்த வேலையை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாத்தவ நான், அப்பறம் சொந்தத்துல, தெருவுலனு யாராவது கேட்டா கூடப் போயும் வந்திருக்கேன். அதுல தெரிஞ்சது என்னன்னா, எல்லாரும் ஏதோ ஒண்ணு செய்யத்தான் செய்யறாங்க, வரிசைதான் தலைகீழா இருக்கு. முதல்ல அறிவுரை, அது வேலைக்கு ஆகலைன்னா கோயில் குளம், அதுவும் ஆகலைன்னா மெடிக்கல்ல சொல்லி ஒரு தூக்க மாத்திரை, எல்லாம் முடிஞ்சு ஆள் பாதியா இளைச்சப்பறம் கடைசியா டாக்டர்.

2017-18ல வயசானவங்களைப் பத்தி நாடு முழுக்க நடந்த லாசி சர்வேல 60 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 8.3 சதவீதம் பேருக்கு டிப்ரஷனா இருக்கலாம்னு வந்துச்சு. ஆனா டாக்டர் பாத்து இது டிப்ரஷன்தான்னு சொல்லப்பட்டவங்க அந்த வயசுக்காரங்க மொத்தத்துல 1 சதவீதம்கூட இல்ல. மத்தவங்க எல்லாம் "வயசானா அப்படித்தான்"ங்கற ஒத்தை வரியில அமுங்கிக் கிடக்காங்க. வயசானா முட்டி தேயும், முடி நரைக்கும், டிப்ரஷன் வந்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, வந்தாலும் சரியாகக்கூடியதுதான்.

மருந்து டோஸ் எதுவும் இதுல எழுதல, அது டாக்டர் வேலை.

## ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு. வீட்ல இருக்கற எல்லா மாத்திரையும் போடற அளவுக்கு ஒரு பை. கடைசியா எடுத்த ரத்த ரிப்போர்ட், பழைய டாக்டர் சீட்டு. அவங்களோட மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இருந்தா அது வேலை செய்யுதா, பேட்டரி இருக்கான்னு பாத்து வைங்க.

இதையெல்லாம் விட முக்கியம், பொறுப்பு ஒரே ஆள்கிட்ட இருக்கணும். அண்ணன் ஒரு டாக்டர்கிட்ட கேப்பாரு, அக்கா வாட்ஸ்அப்ல ஒரு வைத்தியம் அனுப்புவாங்க, துபாய்ல இருக்கற தம்பி ராத்திரி போன் போட்டு "ஏம்மா மாத்திரையெல்லாம் சாப்பிடற"னு கேப்பான். இப்படி மூணு பக்கமும் இழுத்தா பெரியவங்க யாரு சொல்றதையும் கேக்க மாட்டாங்க. ஒருத்தர் முடிவு எடுக்கறது, மத்தவங்க பணமோ நேரமோ கொடுத்து உதவறதுனு முதல்லயே பேசி வச்சுக்கங்க.

## 1. அழறாங்களானு பாக்காதீங்க, எதை விட்டுட்டாங்கனு பாருங்க

புதுசா பாக்கறவங்க முதல்ல தடுக்கி விழற இடம் இதுதான். டிப்ரஷன்னா மூலையில உக்காந்து அழுவாங்கன்னு நினைச்சுட்டு, "இல்லையே எங்கம்மா அழறதே இல்ல"னு விட்டுடறாங்க. வயசானவங்க நிறைய பேரு கவலையா இருக்குன்னு வாயால சொல்லவே மாட்டாங்க, உடம்பைத்தான் சொல்லுவாங்க. கால் குடைச்சல், நெஞ்சு படபடப்பு, வாய்வு, மலச்சிக்கல், நாக்குக்கு ருசி தெரியல, தலை கிறுகிறுனு வருது, உடம்பெல்லாம் ஒரே அசதி. ஈசிஜி, ஸ்கேன் எடுத்தா எல்லாம் நார்மல். ஒண்ணும் இல்லாததுக்கு நடிக்கறாங்கனு வீட்ல எரிச்சல் வரும், ஆனா அந்த வலி அவங்களுக்கு நிஜமாவே இருக்கு.

அதனால நீங்க பாக்க வேண்டியது, நேத்து வரைக்கும் செஞ்சுட்டு இருந்தது எது நின்னு போச்சுங்கறது. தினமும் காலையில பேப்பர்காரனுக்காக கேட்டுல நிக்கறவரு, இப்ப பேப்பர் மடிப்பு பிரிக்காம அப்படியே டீப்பாய் மேல நாலு நாளுக்கு அடுக்கி இருக்கா? வெத்தலைச் செல்லத்துல வெத்தலை காஞ்சு கிடக்கா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ் பண்றவரு வாரம் முழுக்க தாடியோட இருக்காரா? சீரியல் ஓடும், கண்ணு டிவில இருக்கும், ஆனா கதை கேட்டா தெரியாது. பேரன் பேத்தி வந்தாக்கூட முகத்துல ஒரு மாத்தமும் இல்ல.

விடிகாலை 3 மணிக்கு முழிச்சுட்டு அப்பறம் தூக்கமே வராம படுத்திருக்கறது, காலையில ரொம்ப மோசமா இருந்து சாயங்காலம் கொஞ்சம் தேறிக்கறது, ரெண்டு இட்லி ஒரு இட்லியாகி அப்பறம் அரை இட்லியாகறது, ஜாக்கெட் தொளதொளனு ஆகறது, இதெல்லாமும் சேத்துக்கங்க. சில பேரு அமைதியாகறதுக்குப் பதிலா சிடுசிடுனு ஆயிடுவாங்க, இல்லன்னா நிலையா உக்கார முடியாம கையைப் பிசைஞ்சுட்டு உள்ளயும் வெளியயும் நடந்துட்டே இருப்பாங்க. அதுவும் இதுல ஒரு வகைதான்.

மனசு சோர்வு, இல்லன்னா எதுலயும் பிடிப்பு இல்லாம போறது, இந்த ரெண்டுல ஒண்ணாவது இருந்து, அதோட தூக்கம் பசி அசதினு மத்ததும் சேந்து 2 வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் இருந்தா டாக்டரைப் பாத்தே ஆகணும். ஒரு நாள் ரெண்டு நாள் மூடு சரியில்லாம இருக்கறது யாருக்கும் வரும்.

ஆனா ஒண்ணு, ரெண்டு மூணு நாளைக்குள்ள திடீர்னு ஆள் மாறிட்டா, பகல்ல தூங்கி வழிஞ்சு ராத்திரி உளறினா, இடம் ஆள் தெரியாம பேசினா, அது டிப்ரஷன் இல்ல. யூரின் இன்ஃபெக்ஷன், ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு குறையறது, சுகர் இறங்கறதுனு ஏதாவது இருக்கும். நோட்டு எழுதிட்டு உக்காராதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

## 2. எல்லாத்துக்கும் முன்னாடி அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க

"சீக்கிரம் போய்ச் சேந்துட்டா நல்லாருக்கும்", "எமன் என்னை மட்டும் மறந்துட்டான்", "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது". நம்ம வீடுகள்ல இது தினசரி பேச்சு மாதிரி ஆயிட்டதால காதுலயே விழறதில்ல. பாதி பேரு சும்மாதான் சொல்றாங்க, ஆனா எந்தப் பாதினு கேட்டாத்தான் தெரியும்.

கேட்டா நாமளே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆயிடுமோனு பயப்படுவீங்க, ஆகாது. தனியா இருக்கறப்ப, பக்கத்துல உக்காந்து, "அம்மா, போயிடலாம்னு அடிக்கடி சொல்றியே, உசுரை விட்டுடணும்னு நிஜமாவே தோணுதா? என்ன செய்யலாம்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?"னு நேரடியா கேளுங்க. கேட்டதும் சண்டைக்கு வராதீங்க, "எங்களை விட்டுட்டு போகணும்னு எப்படி நினைக்கலாம்"னு அழாதீங்க. அப்படிச் செஞ்சா அடுத்த தடவை சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

ஆமானு சொன்னாலோ, யோசிச்சு வச்சிருக்கற மாதிரி தெரிஞ்சாலோ, சாப்பாட்டையும் மாத்திரையையும் வேணும்னே ஒதுக்கினாலோ, திடீர்னு நகையைப் பிரிச்சுக் கொடுக்கறது, பேங்க் புக்கை ஒப்படைக்கறதுனு ஆரம்பிச்சாலோ, தனியா விடாதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416ங்கறது டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். அவசரம்னா 108. தோட்டம் வயல் இருக்கற வீடுன்னா பூச்சி மருந்தை வீட்டை விட்டே எடுத்துடுங்க, மாத்திரை எல்லாம் உங்க கையில இருக்கட்டும், அன்னன்னிக்கு உள்ளதை மட்டும் கொடுங்க. அந்த மோசமான நேரம் கடந்து போறதுக்குள்ள கைக்கு எட்டற தூரத்துல ஒண்ணும் இல்லாம பாத்துக்கிட்டாலே நிறைய உசுரு தப்பிக்கும்.

இதை நோட்டு எழுதறதுக்கு முன்னாடி வச்சதுக்குக் காரணம் இருக்கு. மத்த எல்லாத்துக்கும் ஒரு வாரம் காத்திருக்கலாம், இதுக்கு முடியாது.

## 3. நோட்டுல தினமும் நாலு வரி

தேதி போட்டு, எத்தனை மணிக்கு முழிச்சாங்க, என்ன சாப்பிட்டாங்க, என்ன செஞ்சாங்க, என்ன சொன்னாங்க. அவ்வளவு போதும். சொன்னதை அவங்க வாய்வார்த்தையிலயே எழுதுங்க, "நெகட்டிவா பேசினாங்க"னு நீங்களா சுருக்கி எழுதினா டாக்டருக்கு அதுல ஒண்ணும் கிடைக்காது. "நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல, உங்களுக்குக் கடன் வச்சுட்டுப் போறேன்"னு எழுதினா கிடைக்கும்.

ஓபில உங்களுக்குக் கிடைக்கறது அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அந்த நேரத்துல "ரொம்ப நாளா இப்படித்தான் சார் இருக்காங்க"னு ஆரம்பிச்சா குடும்பக் கதையிலயே டைம் போயிடும். பெரியவங்களும் அன்னிக்குன்னு பாத்து தலை சீவி, விபூதி வச்சுட்டு, "எனக்கென்ன டாக்டர், ராஜா மாதிரி இருக்கேன்"னு சிரிப்பாங்க. நோட்டு இருந்தா அந்தச் சிரிப்பைத் தாண்டிப் பேசலாம்.

## 4. மாத்திரை பையைக் கொட்டுங்க

வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போடுங்க. பிபி, சுகர் மட்டும் இல்ல, தலகாணிக்குக் கீழ இருக்கறது, சாமி ரூம் டப்பால இருக்கறது, மூட்டு வலிக்குனு யாரோ வாங்கிக் கொடுத்த பேர் போடாத பொட்டலம், எல்லாம். இதை மனநல டாக்டருக்கு முன்னாடியே செய்யணும், ஏன்னா சில சமயம் பாதி காரணம் இந்தப் பையிலயே இருக்கும்.

என்னென்ன பாக்கணும்னா, ஒரே மருந்து ரெண்டு கம்பெனி பேர்ல ரெண்டு டாக்டர் எழுதி ரெண்டையும் சாப்பிட்டுட்டு இருப்பாங்க, இது ரொம்ப சாதாரணமா நடக்கும். ஸ்டீராய்டு மாத்திரை மனசை ஏத்தவும் செய்யும் இறக்கவும் செய்யும், பேர் இல்லாத மூட்டு வலிப் பொடியில சிலதுல அது கலந்திருக்கும். சில ஃபிட்ஸ் மாத்திரை, சில பழைய பிபி மாத்திரையும் மனசை இறக்கலாம். சுகருக்கு வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் போடறவங்களுக்கும், கேஸ் மாத்திரையை நிறுத்தாம போடறவங்களுக்கும் பி12 குறையலாம், பி12 குறைஞ்சா அசதி, மறதி, கால் மரமரப்பு, மனசு சோர்வு எல்லாம் வரும்.

அப்பறம் தூக்க மாத்திரை. அல்ப்ராசோலம் மாதிரி மாத்திரையை எப்பவோ யாரோ எழுதின சீட்டை வச்சே வருஷக்கணக்கா வாங்கிச் சாப்பிடறவங்க இருக்காங்க. அதுல தூக்கம் வரும், டிப்ரஷன் சரியாகாது, கூடவே மந்தம், மறதி, ராத்திரி பாத்ரூம் போறப்ப தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடையறது. தாத்தாவோட ராத்திரி ஒரு பெக்கையும் இந்தக் கணக்குல எழுதுங்க, மறைக்காதீங்க.

முக்கியமா ஒண்ணு, கண்டுபிடிச்சதும் நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. தூக்க மாத்திரையையும் ஃபிட்ஸ் மாத்திரையையும் சடார்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், சில பிபி மாத்திரையை நிறுத்தினா நெஞ்சு வலி வரைக்கும் போகும், ஸ்டீராய்டும் அப்படித்தான். பையை அப்படியே டாக்டர் மேஜையில வைங்க, அவங்க பிரிச்சுக்குவாங்க.

## 5. உடம்பைப் பாத்துட்டு அப்பறம் மனசு

முதல் விசிட் வழக்கமா பாக்கற பொது டாக்டர்கிட்ட இருக்கலாம், முதியோர் மருத்துவம் படிச்சவங்க பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சுகர், சோடியம் பொட்டாசியம், கிட்னி, இவ்வளவு டெஸ்ட் பாக்கலாமானு கேளுங்க. தைராய்டு குறைஞ்சா வர்ற மந்தமும் டிப்ரஷனும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதுக்குத் தைராய்டு மாத்திரைதான் மருந்து. ஸ்ட்ரோக், பார்க்கின்சன், ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு டிப்ரஷன் வர்ற வாய்ப்பு அதிகம், அதனால அந்த ஹிஸ்டரியை விடாம சொல்லுங்க. தீராத வலியும் அப்படித்தான், முட்டி வலியை அடக்காம மனசை மட்டும் சரி பண்ண முடியாது.

காதும் கண்ணும் தனியா ஒரு வரி. காது மந்தமானவங்க முதல்ல ரெண்டு தடவை "என்ன?"னு கேப்பாங்க, வீட்ல கத்துவாங்க, மூணாவது தடவையிலேர்ந்து கேக்கறதை நிறுத்திட்டுத் தலையை மட்டும் ஆட்டுவாங்க, அப்பறம் எல்லாரும் உக்காந்து பேசற ஹாலுக்கே வர மாட்டாங்க. வெளியிலேர்ந்து பாக்க அது அப்படியே டிப்ரஷன், கொஞ்ச நாள்ல நிஜமாவே டிப்ரஷனும் ஆயிடும். முதல்ல அழுக்கு அடைச்சிருக்கானு பாக்கச் சொல்லுங்க, அதை எடுத்தாலே சில பேருக்குக் காது திறந்துடும். கண்ணுல புரை இருந்தா ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. பல்லு செட் லூசா இருந்து சாப்பிட முடியாம இருக்கறதைப் பசி இல்லைனு சொல்லிட்டு இருப்பாங்க, அதையும் பாருங்க.

## 6. மறதியா டிப்ரஷனானு நீங்க முடிவு பண்ணாதீங்க

டிப்ரஷன்லயும் மறதி வரும். கவனம் நிக்காது, அதனால எதுவும் பதியாது. இப்படி இருக்கறவங்க பெரும்பாலும் தாங்களே வந்து "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல"னு புலம்புவாங்க, கேள்வி கேட்டா யோசிக்காமயே "தெரியல, தெரியல"ம்பாங்க. டிமென்ஷியா, அதாவது மூளை பாதிச்சு வர்ற மறதி நோய், அது ஆரம்பத்துல இருக்கறவங்க பெரும்பாலும் மறதியை ஒத்துக்க மாட்டாங்க, தப்பான பதிலைத் தைரியமா சொல்லுவாங்க. டிப்ரஷன் எந்த மாசம் ஆரம்பிச்சதுனு ஓரளவு சொல்ல முடியும், டிமென்ஷியா எப்ப வந்ததுன்னே தெரியாம வரும்.

இது ஒரு அடையாளத்துக்குத்தான், ரெண்டும் சேந்தே இருக்கலாம். வாழ்க்கையில முதல் தடவையா 70 வயசுல டிப்ரஷன் வந்தவங்களுக்கு, அது சரியானப்பறமும் ஞாபக சக்தியை அப்பப்ப பாத்துட்டு வரணும்.

## 7. வாழ்க்கையில என்ன மாறிச்சுனு ஒரு பக்கம் எழுதுங்க

நோட்டுல நடுப்பக்கத்தைத் திறந்து, கடைசி ரெண்டு வருஷத்துல அவங்க எதையெல்லாம் இழந்தாங்கனு எழுதுங்க. புருஷன் பொண்டாட்டி மட்டும் இல்ல, தினமும் வாக்கிங் வந்த பிரெண்டு, பழகின வீடு, ஸ்கூட்டர் ஓட்டறது, சமையல்கட்டு, கையில இருந்த காசு, எல்லாமே இழப்புதான். நிறைய பேரு பெரிய சாவை மட்டும் எழுதிட்டு விட்டுடறாங்க, நான் பாத்தவரைக்கும் சின்னச் சின்ன இழப்பு ஒண்ணு மேல ஒண்ணு சேந்ததுதான் ஆளை அமுக்கியிருக்கு.

ஊர்ல தனி வீடு, வாசல் திண்ணை, போறவங்க வர்றவங்க "என்ன ஆச்சி, சாப்டாச்சா"னு கேட்டுட்டுப் போற இடத்துலேர்ந்து எடுத்து சென்னையில ஏழாவது மாடி பிளாட்ல வைப்பாங்க. மகனும் மருமகளும் எட்டு மணிக்குக் கிளம்பினா ராத்திரிதான் வருவாங்க. ஏசி, டிவி எல்லாம் இருக்கு, வாய் திறந்து பேச ஆள் இல்ல. "இங்க என்ன குறை"னு மகன் கேக்கறான், அவனுக்குத் தெரியற மாதிரி ஒரு குறையும் இல்லதான்.

இன்னொண்ணு, முறை வச்சுப் பாத்துக்கறது. மாசம் ஒரு மகன் வீடு, இல்லன்னா அதை விட மோசமா அம்மா பெரியவன் வீட்ல, அப்பா சின்னவன் வீட்ல. 50 வருஷம் சேந்து இருந்தவங்களைச் செலவைப் பிரிக்கற மாதிரி பிரிச்சு வச்சுட்டு, ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்கனு டாக்டர்கிட்ட கேக்கறது எந்த நியாயம்னு எனக்குப் புரியல. ஒவ்வொரு 30ஆம் தேதியும் பையைக் கட்டறவங்களுக்கு அவங்க கட்டில்னு ஒண்ணு எங்கயும் இல்ல.

அப்பறம் படுக்கையில இருக்கற புருஷனைத் தனியா பாத்துக்கற அம்மாக்கள். எல்லாரும் அப்பாவுக்கு எப்படி இருக்குன்னுதான் விசாரிப்பாங்க, ராத்திரி மூணு தடவை எழுந்து பெட்பேன் வைக்கற 68 வயசு அம்மாவை யாரும் கேக்கறதில்ல. பென்ஷன் கார்டு மகன்கிட்ட இருந்து 200 ரூபாய்க்குக் கை நீட்ட வேண்டிய நிலைமை, சொத்து எழுதி வாங்கினப்பறம் மாறிப்போன பேச்சு, அடி, பட்டினி, இதெல்லாம் இருக்கான்னும் தனியா கேளுங்க. இருந்தா மாத்திரை மட்டும் போதாது. 14567ங்கறது மூத்த குடிமக்களுக்கான ஹெல்ப்லைன், காலை 8லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும். 2007ஆம் வருஷ பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல ஆர்டிஓ ஆபீஸ்ல (லைசென்ஸ் கொடுக்கற இடம் இல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ்) மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்ல.

துக்கமும் டிப்ரஷனும் ஒண்ணானு கேப்பாங்க. துக்கம் அலை மாதிரி, போட்டோவைப் பாத்தா பொங்கும், நடுவுல பேரன் சொல்ற ஜோக்குக்குச் சிரிக்கவும் முடியும். டிப்ரஷன் நாள் முழுக்க ஒரே கனமா நிக்கும், "அவரு போயிட்டாரே"ங்கறது மாறி "நான் எதுக்கும் உதவாதவ"னு ஆயிடும். தாலி இறங்கின வீடுனு சொல்லி மாசக்கணக்கா இதைக் கண்டுக்காம விடாதீங்க.

எழுதின பட்டியல்ல மாத்த முடிஞ்சதுக்குப் பக்கத்துல ஒரு டிக் போடுங்க. போனவரைத் திருப்பிக் கொண்டு வர முடியாது, ஆனா ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம், ரெண்டு பேரையும் ஒரே வீட்ல வைக்கலாம், வாரம் மூணு நாள் நர்ஸ் வைக்கலாம். இந்த டிக்கெல்லாம் 10ஆவது படியில வேணும்.

## 8. மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது

"எனக்கென்ன பைத்தியமா?" இந்தக் கேள்வி வரும், வரலைன்னாத்தான் ஆச்சரியம். பொய் சொல்லி, கண் டாக்டர்னு சொல்லி கூட்டிட்டுப் போகாதீங்க, போர்டைப் படிக்கற ஒரு நொடியில உங்க மேல இருந்த நம்பிக்கை போயிடும், மாத்திரையைத் துப்பறது அங்கதான் ஆரம்பிக்கும். அவங்க சொல்ற குறையைப் பிடிச்சுக்கங்க. "தூக்கம் வரல, உடம்பு வலி போகலைன்னு சொல்றீங்கள்ல, டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல, அதனால மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க, மனசையும் அவங்கதான் பாப்பாங்க". இதுல பொய் இல்ல, பயமும் இல்ல. வழக்கமா பாக்கற டாக்டரையே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா பாதி சண்டை குறையும்.

எங்க போறதுன்னா, எந்த அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் மனநல ஓபி இருக்கு, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் இருப்பாங்க, மாத்திரையும் இலவசம். சென்னைன்னா கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம் இருக்கு, கிண்டியில கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துல 2024ல திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கு. என்ன கிழமை ஓபினு அரசு மருத்துவ உதவி எண் 104ல கேட்டுட்டுப் போங்க, பெரியவங்களைக் கூட்டிட்டு வீணா அலையறது கொடுமை.

உள்ள போனதும் நீங்க வாயை மூடிக்கணும். கேள்வி அம்மாகிட்ட, பதில் மகன்கிட்ட, இது எல்லா ஓபிலயும் நடக்கறது. நோட்டைக் கொடுத்துட்டு, "கொஞ்ச நேரம் தனியா பேசுங்க"னு வெளிய வந்துடுங்க, உங்களைப் பத்தியே ஏதாவது சொல்லணும்னு இருக்கலாம். ஜிடிஎஸ்னு ஒரு 15 கேள்விப் பட்டியல் கேப்பாங்க, ஆமா இல்லைன்னு பதில் சொன்னா போதும், 5க்கு மேல போனா டிப்ரஷன் இருக்கலாம்னு அர்த்தம், நோய்னு முடிவு பண்றது டாக்டர்தான். அதை நெட்ல எடுத்து வீட்லயே பரீட்சை வைக்காதீங்க.

லேசா இருந்தா பேச்சு வழி சிகிச்சையும் தினசரி மாற்றமுமே போதும்னு டாக்டர் சொல்லலாம். அதுவும் சிகிச்சைதான், மாத்திரை எழுதலைன்னு வேற டாக்டரைத் தேடி ஓட வேண்டாம்.

## 9. மாத்திரை ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசம்

பாதி பேரு விட்டுட்டு ஓடற இடம் இது. காரணம் சிம்பிள், தொந்தரவு முதல் வாரத்துலயே வரும், பலன் மெதுவா வரும். வாந்தி வர்ற மாதிரி இருக்கும், வயிறு கலக்கும், படபடப்புகூட கொஞ்சம் ஏறலாம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கிடும். மனசுல மாற்றம் தெரிய 4லேர்ந்து 6 வாரம், வயசானவங்களுக்கு 8, 12 வாரம்கூட ஆகலாம். பத்தாவது நாள் "இதுவும் கேக்கல"னு டாக்டரை மாத்தினா திரும்ப முதல்லேர்ந்து.

சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவாத்தான் ஏத்துவாங்க, அது சரியான முறை, டாக்டர் பயந்தாங்கொள்ளினு நினைக்காதீங்க. ரெண்டு விஷயத்தை நீங்களே ஞாபகப்படுத்துங்க. ஒண்ணு சோடியம். டிப்ரஷன் மாத்திரை சிலது வயசானவங்களுக்கு ரத்தத்துல சோடியத்தை இறக்கும், பிபிக்கு நீர் பிரியற மாத்திரை சேத்துப் போட்டா இன்னும் அதிகம். ஆரம்பிச்சு 2லேர்ந்து 4 வாரத்துல ஒரு டெஸ்ட் பாக்கணுமானு கேளுங்க, நடுவுல குழப்பம், தள்ளாட்டம், அதிக தூக்கம் வந்தா உடனே பாருங்க. ரெண்டு, ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை, வலி மாத்திரை போடறாங்கன்னா சொல்லுங்க, ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும்.

இந்த மாத்திரைக்கு அடிமையாயிடுவாங்களேனு பயப்படறாங்க. தூக்க மாத்திரைதான் அந்த வகை, இது இல்ல, ஆனா சடார்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல் வரும்ங்கறதால படிப்படியாத்தான் குறைக்கணும். நல்லா ஆனதும் நிறுத்தறதுதான் அடுத்த தப்பு, நல்லானப்பறமும் ஆறு மாசம் ஒரு வருஷம் தொடரச் சொல்லுவாங்க, திரும்பத் திரும்ப வந்தவங்களுக்கு இன்னும் அதிகம்.

சாப்பாடு தண்ணி சுத்தமா நின்னு போன ஆளு, "குடலெல்லாம் அழுகிப் போச்சு, நான் செஞ்ச பாவம்"னு இல்லாததை நம்பற ஆளுன்னா டாக்டர் ஈசிடி சொல்லலாம். கரண்ட் வைக்கறதுனு கேட்டதும் சினிமா ஞாபகம் வந்து ஓடாதீங்க, இப்ப மயக்கம் கொடுத்துத்தான் செய்யறாங்க, மோசமான நிலைமையில மாத்திரையை விட வேகமா வேலை செய்யும்.

## 10. நாளுக்கு ஒரு வேலை, மனசு வந்தப்பறம் இல்ல, முன்னாடியே

"மனசு சரியானதும் எழுந்து நடப்பாங்க"னு காத்திருந்தா நடக்காது. அவங்க எழுந்து நடந்தாத்தான் மனசு கொஞ்சம் நகரும், டிப்ரஷன்ல வரிசை அப்படித்தான். அதனாலதான் ஓய்வு கொடுக்கறேன்னு கையில இருக்கற வேலையெல்லாம் பிடுங்கறது பெரிய தப்பு. "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்"னு அன்பாத்தான் சொல்றோம், அவங்க காதுல "நீ வேண்டாம்"னு விழுது.

சின்னதா, தினமும், ஒரே நேரத்துல, மத்தவங்களுக்கு நிஜமா தேவைப்படற வேலையா கொடுங்க. முருங்கைக்கீரை ஆயறது, பூ கட்டறது, பேத்தியை ஸ்கூல் வேன்ல ஏத்தி விடறது, இபி பில் தேதி பாத்துச் சொல்றது. ஒரு கட்டு கீரை ஆய முடியலைன்னா ரெண்டு கொத்து. முடிச்சதும் ஆகா ஓகோனு குழந்தையைக் கொஞ்சற மாதிரி பாராட்டாதீங்க, எரிச்சலாயிடுவாங்க, அந்தக் கீரையை அன்னிக்கே சமைங்க, அது போதும். 7ஆவது படியில டிக் போட்டீங்களே, அதுல வாரத்துக்கு ஒண்ணு ஒண்ணா இதோட சேத்துச் செய்யுங்க.

காலை வெயில்ல 15 நிமிஷம் நடை, பகல் தூக்கம் அரை மணிக்கு மேல வேண்டாம், பழைய சினேகிதர் ஒருத்தர் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரட்டும். பெரிய டூர், காசி ராமேஸ்வரம் எல்லாம் தேறினப்பறம். சோர்ந்திருக்கறவங்களைப் பத்து மணி நேரம் பஸ்ல உக்கார வச்சுட்டு சந்தோஷமா இருனு சொன்னா அவங்களுக்குக் குற்ற உணர்ச்சிதான் ஏறும். கோயிலும் அப்படித்தான், அவங்களுக்குப் பிடிக்கும்னா பக்கத்துத் தெரு பிள்ளையாரே போதும், டாக்டருக்குப் பதிலா இல்ல, டாக்டரோட சேத்து.

கோவாவுல சங்காத்ங்கற மனநலத் தொண்டு அமைப்பு, 60 வயசுக்கு மேல டிப்ரஷனோட வாசல்ல நின்னுட்டு இருந்தவங்களுக்கு, டாக்டர் இல்லாத சாதாரண ஆட்களைப் பழக்கி, பிரச்சனையை ஒண்ணொண்ணா பிரிச்சுத் தீர்க்கறது, தூக்கப் பழக்கம், அரசு உதவி வாங்கித் தர்றதுனு செஞ்சு பாத்தாங்க. 2019ல வெளியான அந்த ஆய்வுல, அப்படிச் செஞ்சவங்கள்ல டிப்ரஷன் முழுசா வந்தவங்க எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சிருந்துது. வீட்ல நாம செய்யறதும் இதே சங்கதிதான்.

வெளிநாட்ல இருக்கறவங்களுக்கு: ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோ காலை விட தினமும் ஒரே நேரத்துல அஞ்சு நிமிஷம் மேல். "சாப்டியா, மாத்திரை போட்டியா"னு மட்டும் கேட்டு வைக்காதீங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துல யோசனை கேளுங்க, ரசம் ஏன் கசக்குதுன்னாவது கேளுங்க.

## 11. தேறினப்பறம்

முதல்ல தூக்கமும் பசியும் திரும்பும், முகம் கடைசியில்தான் மாறும், அதனால "இன்னும் சிரிக்கலையே"னு அவசரப்படாதீங்க. எட்டு வாரம் ஒழுங்கா போட்டும் நோட்டுல ஒரு மாற்றமும் இல்லைன்னா அதே டாக்டர்கிட்ட போய் டோஸா மருந்தா எதை மாத்தலாம்னு கேளுங்க, அப்பவும் இல்லைன்னா வேற டாக்டர் கருத்து கேக்கறதுல தப்பே இல்ல.

கொஞ்சம் தெம்பு வந்து மனசு இன்னும் தேறாம இருக்கற அந்த நடுக்காலத்துல கண்காணிப்பைத் தளர்த்தாதீங்க, பூச்சி மருந்தும் மாத்திரையும் பூட்டியே இருக்கட்டும்.

பாத்துக்கற ஆளும் வாரத்துல ஒரு அரை நாளாவது பொறுப்பை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டு வெளிய போகணும், இல்லன்னா அடுத்த நோட்டு உங்க பேர்ல போட வேண்டி வரும்.

நோட்டைத் தூக்கிப் போடாதீங்க. இந்தத் தடவை முதல்ல நின்னு போனது எது, பேப்பரா, பூஜையா, ஷேவிங்கா, அதைக் கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க, திரும்ப வர்றப்ப பெரும்பாலும் அதே வழியாத்தான் வரும். அதுல ரெண்டு ஒரே வாரத்துல நின்னா, அடுத்த ஓபி தேதி வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே போயிடுங்க, பழைய சீட்டையும் மாத்திரை பையையும் மறக்காம எடுத்துக்கங்க.